இரத்தம் ஜாதகம் அன்று

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்

எங்கள் வீட்டிற்கு ஆங்கில எழுத்துள்ள தாள் எது வந்தாலும் அது என் கைக்குத்தான் வரும். வங்கி நோட்டீஸ் ஆனாலும், மருந்துச் சீட்டு ஆனாலும், "படிக்கிற பிள்ளை இருக்கான், அவன் சொல்லட்டும்" என்பார் அப்பா. நான் கல்லூரியில் சேர்ந்த முதல் ஆண்டு மார்கழியில் அவ்வாறு வந்தது அத்தையின் இரத்தப் பரிசோதனைத் தாள். அதை நான் படித்துச் சொன்ன விதத்தால் நேர்ந்த விபரீதமே இக்கட்டுரையை எழுத வைத்தது.

அத்தைக்குச் சில ஆண்டுகளாகவே குளிர் ஆகாது. விடியற்காலையில் வாசல் தெளிக்கத் தண்ணீரில் கை வைத்தால் விரல்கள் சுண்ணாம்பு போல் வெளுக்கும்; பிறகு நீலம் பாரிக்கும்; அடுப்பருகே காட்டினால் சிவந்து எரியும். 1862-ஆம் ஆண்டிலேயே மோரிஸ் ரேனோ என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை விவரித்து எழுதியிருக்கிறார் என்பதும், இன்றும் இது அவர் பெயராலேயே வழங்குகிறது என்பதும் அப்போது எங்களுக்கு எப்படித் தெரியும்? "பனி ஒத்துக்கொள்ளவில்லை" என்றோம். பிறகு விரல்களின் தோல் இறுகியது. மோதிரம் கழலாமல் ஆசாரியிடம் போய் வெட்டி எடுத்தோம். அதன் பிறகு, குடத்தை இடுப்பில் வைத்து நாலு வீடு தாண்டுவதற்குள் மூச்சு வாங்கத் தொடங்கியபோதுதான் நகரத்து மருத்துவமனைக்குப் போனோம்.

டாக்டர் சந்தேகித்த நோயின் பெயர் ஸ்க்லீரோடெர்மா. கிரேக்க மொழியில் 'கடினத் தோல்' என்று பொருள். கிருமிகளை எதிர்க்க வேண்டிய நம் உடலின் காவற்படை, ஆள் அடையாளம் தெரியாமல் சொந்த உடலையே தாக்கும் நோய்களுள் இது ஒன்று. முடக்குவாதமும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. இவை தோலோடும் மூட்டோடும் நிற்பதில்லை. சிலருக்கு நுரையீரலின் காற்று நுண்ணறைகளுக்கு இடையே உள்ள மெல்லிய சுவரிலும் புகுந்து, அதைத் தழும்பாக்கித் தடிக்கச் செய்கின்றன. தழும்பேறிய இடத்தில் ஆக்சிஜன் இரத்தத்துக்குள் நுழைய முடியாமல் திணறுகிறது.

தாளில் இருந்தது ஒரே ஒரு வரிதான்: 'எஸ்.சி.எல்.70 எதிர்ப்பொருள் – பாசிட்டிவ்.'

எங்கள் தெருவில் 'பாசிட்டிவ்' என்ற சொல்லுக்கு எய்ட்ஸ் என்று ஒரு பொருள் முன்பே உண்டு. 2020-க்குப் பிறகு கொரோனா என்று இன்னொரு பொருளும் சேர்ந்துகொண்டது. அந்த இரண்டும் அல்ல என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்லும் அளவுக்கு நான் கெட்டிக்காரனாக இருந்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அன்று மாலையே ஏதோ ஒரு பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த எதிர்ப்பொருள் இருந்தால் நுரையீரல் போய்விடுமாம்" என்று அப்பாவிடம் சொன்னேன். கதவுக்குப் பின்னால் அத்தை நின்றிருந்தது எனக்குத் தெரியாது.

மறுநாள் தோட்டைக் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டார். மாத்திரையை நிறுத்தினார். டாக்டர் குறித்துக் கொடுத்த தேதியில் போகவில்லை. நான் போய்க் கெஞ்சியபோது, "போகப் போற உசுருக்கு எதுக்கு மருமகனே பஸ்ஸு காசு?" என்றார். இரண்டு மாதம் இப்படியே கழிந்தது.

நான் சொன்னது முழுப் பொய் அன்று. அதுதான் அதிலுள்ள ஆபத்து. எஸ்.சி.எல்.70 என்பது டோப்போஐசோமெரேஸ் என்ற நொதிக்கு எதிராக உடல் தவறாகச் செய்துகொள்ளும் எதிர்ப்பொருள். முறுக்கேறிய டி.என்.ஏ. இழையைத் தளர்த்தி விடுவது அந்த நொதியின் வேலை. ஸ்க்லீரோடெர்மா நோயாளிகளுள் இந்த எதிர்ப்பொருள் உள்ளவர்களுக்கு நுரையீரல் பாதிக்கப்படும் வாய்ப்பு அதிகம் என்பது உண்மை. சென்ட்ரோமியர் எதிர்ப்பொருள் என்ற வேறொன்று உள்ளவர்களுக்கு அந்த வாய்ப்புக் குறைவு. ஆனால், பாதிக்கப்பட்டவர்களுள்ளும் பலருக்கு நோய் ஆண்டுக்கணக்கில் அப்படியே நின்றுவிடுகிறது. சிலருக்கே முதல் சில ஆண்டுகளில் விரைந்து முற்றுகிறது. அத்தை எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதை அந்த ஒற்றை வரி சொல்லவில்லை. சொல்லாததை நான் சொன்னேன்.

கடைசியில் தாளை எடுத்துக்கொண்டு புள்ளியியல் பேராசிரியர் ஒருவரிடம் போனேன். அவர் நோயைப் பற்றி எதுவும் பேசவில்லை. "இது எத்தனை பேரைப் பற்றிய கணக்கு? அவர்களில் உன் அத்தை எத்தனையாவது ஆள்?" என்று கேட்டார். பிறகு கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டார். அவை கற்பனை எண்கள்தாம். இத்தகைய நோயாளிகள் 100 பேர். அவர்களுள் 20 பேருக்கு நுரையீரல் விரைவாகக் கெடப் போகிறது. ஓர் இரத்தக் குறி அந்த 20 பேரில் 16 பேரைச் சரியாகப் பிடித்துவிடுகிறது. கேட்பதற்கு நல்ல பரிசோதனைதான். ஆனால், கெடப்போகாத 80 பேரிலும் 24 பேருக்கு அதே குறி உயர்ந்து நிற்கிறது. ஆக, 'உயர்வு' என்று தாள் வாங்குவோர் 40 பேர். அவர்களுள் கெடப்போகிறவர் 16 பேர்தாம். மீதி 24 பேரும் காரணமில்லாமல் தோட்டைக் கழற்றிக் கொடுப்பவர்கள். 'இயல்பு' என்ற தாளுடன் நிம்மதியாக வீடு திரும்பும் 60 பேரில் நாலு பேருக்கு நோய் முற்றப் போகிறது. இந்த நாலு பேரின் நிலை அந்த 24 பேரின் நிலையைவிடக் கொடியது.

எஸ்.சி.எல்.70 'உண்டு, இல்லை' என்று மட்டும் சொல்லும். நோயின் வேகத்தைக் காட்டும் என்று வேறு பல இரத்தக் குறிகளையும் விஞ்ஞானிகள் ஆராய்ந்து வருகிறார்கள். அவற்றுள் கே.எல்.6 என்பதன் கதை சுவையானது. 1980-களில் ஜப்பானில் நோபுவோகி கோனோவும் அவர் குழுவினரும் தேடியது நுரையீரல் புற்றுநோய்க்கான குறியை. பெயரே 'நுரையீரல் புற்று' என்று பொருள்படும் ஜெர்மன் சொற்களின் சுருக்கம்தான். ஆனால், தேடியதைவிட நுரையீரல் தழும்பு நோய்க்குத்தான் அது நன்றாகப் பயன்பட்டது. காற்று நுண்ணறைச் சுவரிலுள்ள ஒருவகைச் செல்களின் மேலுள்ள புரதம் அது. அச்செல்கள் அடிபட்டுப் பெருகும்போது இரத்தத்தில் வழிகிறது. ஜப்பானில் மில்லிலிட்டருக்கு 500 யூனிட் என்று எல்லை வைத்தார்கள். 1999 முதல் அந்நாட்டுக் காப்பீட்டிலும் இப்பரிசோதனை இடம் பெற்றது.

அந்த 500 எல்லார்க்கும் 500 ஆகிவிடுமா? 2012-இல் ஜப்பானியரையும் ஜெர்மானியரையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், அப்புரதத்துக்குரிய மரபணுவில் உள்ள ஒரே ஓர் எழுத்து மாற்றத்தால் நலமாக இருப்பவரிடமும் அளவு கூடிக் குறைகிறது என்று கண்டார்கள். எனவே இரு நாட்டார்க்கும் எல்லைக்கோடு ஒன்றாக இருக்க முடியாது. மரபியல் வகுப்பில் இதைப் படித்தால் மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டுப் போய்விடுவோம். அத்தையின் தாளில் இப்படி ஓர் எண் வரும்போதுதான், இந்த எல்லை யாருடைய இரத்தத்தைப் பார்த்து வகுக்கப்பட்டது என்று கேட்கத் தோன்றுகிறது. நம் மக்களுக்கான எல்லையை நம் மக்களின் இரத்தத்தைப் பார்த்துத்தான் வகுக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்னதால், இந்தப் பரிசோதனைகள் எல்லாம் வீண் செலவு என்று நான் வாதிடுவதாக எவரும் எண்ண வேண்டாம். அப்படி வாதிடுவது நான் முன்பு செய்ததைவிடப் பெரிய பிழை. டெர்மடோமயோசைடிஸ் என்று ஒரு நோய். அதில் தசை வலுவிழக்காமல் தோலில் மட்டும் தடிப்பு வரும் வகை ஒன்று உண்டு. 2005-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அத்தகையோர் சிலரின் இரத்தத்தில் ஒரு புதிய எதிர்ப்பொருளைக் கண்டார்கள். இப்போது அதற்கு எம்.டி.ஏ.5 எதிர்ப்பொருள் என்று பெயர். அது உள்ளவர்களுள் பலருக்கு நுரையீரல் சில வாரங்களிலேயே சீர்குலையக்கூடும். கூடவே ஃபெரிட்டின் என்ற இரும்புப் புரதமும் மிக உயர்ந்திருந்தால் அபாயம் இன்னும் அதிகம். இங்கே காத்திருக்க நேரமில்லை. மருந்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்த காலத்து நோயாளிகளுள் ஆறு மாதம் கடந்தவர்கள் 33 விழுக்காட்டினர். மூன்று மருந்துகளைத் தொடக்கத்திலேயே சேர்த்துக் கொடுத்தபோது அது 89 விழுக்காடாயிற்று என்று 2020-இல் ஜப்பானிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. 29 பேரை மட்டுமே கொண்ட சிறிய ஆய்வுதான். ஆயினும் அந்த வித்தியாசம் எத்தனை குடும்பங்களின் வித்தியாசம்!

அந்த இடத்திலும் இரத்தம் 'இவர் பிழைக்கமாட்டார்' என்று சொல்லவில்லை. 'இன்றே தொடங்கு' என்று சொல்லிற்று. 33-ஐ 89 ஆக்க முடிந்தபோது அதை விதி என்று எப்படிச் சொல்வது? ஜாதகக் கட்டத்தில் எழுதியதை மாற்ற முடியாது என்பார்கள். இரத்தத்தில் தெரிவதைப் பார்ப்பதே, அதற்குப் பின் வருவதை மாற்றலாம் என்பதற்காகத்தான். அத்தையின் நோய்க்கும் வழி இல்லாமல் இல்லை. நுரையீரல் தழும்பாகும் வேகத்தைக் குறைக்கும் நின்டெடானிப் 2019-இலும், அழற்சியைத் தணிக்கும் டோசிலிசுமாப் 2021-இலும் ஸ்க்லீரோடெர்மா நுரையீரலுக்கென்றே அமெரிக்காவில் அனுமதி பெற்றன. பின்னதன் பெரிய சோதனையில், சி.ஆர்.பி. போன்ற இரத்தக் குறிகள் உயர்ந்திருந்தவர்களைத்தான் தேர்ந்தெடுத்துச் சேர்த்தார்கள். இரத்தக் குறிக்கு உரிய வேலை இதுவே என்பது என் கருத்து: யாரை அடிக்கடி அழைத்துப் பார்க்க வேண்டும், யாருக்கு மருந்தை முன்கூட்டித் தொடங்க வேண்டும் என்று காட்டுவது.

ஆகவே நான் கேட்பது பெரிய காரியம் அன்று. இப்படி ஒரு தாளைக் கொடுப்பவர், அதன் கீழே தமிழில் இரண்டு வரி சேர்க்கட்டும்: இது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை. அடுத்து எப்போது, என்ன பரிசோதனைக்கு வர வேண்டும் என்பதை வாய்மொழியாகவாவது சொல்லட்டும். எங்களைப் போன்ற வீடுகளில் அந்தத் தாளைப் படிப்பவன் டாக்டர் அல்லன். பாதி ஆங்கிலமும் கால்வாசி விலங்கியலும் தெரிந்த பத்தொன்பது வயதுப் பையன்.

பங்குனியில் அப்பா அதட்டியும் நான் காலில் விழாத குறையாக வேண்டியும் அத்தையை மீண்டும் அழைத்துச் சென்றோம். ஒரு குழாயில் மூச்சை முழுவதும் ஊதச் சொன்னார்கள். வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டிய அளவில் 72 விழுக்காடு வந்தது. புரட்டாசியில் 71. ஒன்றிரண்டு கூடுவதும் குறைவதும் ஊதும் விதத்தைப் பொறுத்தது, நோய் நிற்கிறது என்றார் டாக்டர். மாத்திரையைச் சாப்பிடுகிறார். இந்த மார்கழியில் வாசல் தெளிப்பதற்கு மட்டும் நான் வெந்நீர் விளாவிக் கொடுத்தேன். தோட்டை மகளிடமிருந்து இன்னும் திருப்பி வாங்கவில்லை; "அது அவளுக்கே நல்லாத்தான் இருக்கு" என்கிறார். அடுத்த ஊதும் பரிசோதனை வருகிற பங்குனியில்.