ரேசரை எடுத்து வையுங்கள்

நர்ஸ் வேலைக்கு ஆராய்ச்சி எதற்கு, பொறுமையும் இரக்கமும் வார்டில் நின்று பழகிய கையும் போதாதா, மற்றதை டாக்டர் பார்த்துக்கொள்வாரே என்ற நம்பிக்கை நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. செவிலியரைப் புகழ்வதாக எண்ணிச் சொல்லப்படும் இந்தப் பேச்சு நோயாளிக்குக் கேடு செய்கிறது. இரக்கமும் வேண்டும், அனுபவமும் வேண்டும். ஆனால் அனுபவம் தன் கண்ணில் பட்டதை மட்டுமே கற்றுக்கொள்ளும். செய்த வேலையின் விளைவு செய்தவர் பார்வைக்கே வராவிட்டால், முப்பது வருடம் ஆனாலும் தவறு தவறென்று தெரியாது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாலை ரேசரால் வயிற்றை மழித்துவிடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். முடியில் கிருமி இருக்கும், மழித்தால் போய்விடும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ரேசர் போன தடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுகின்றன. விடிவதற்குள் அந்தக் கீறல்களில் கிருமி பெருகிவிடும். செரோப்பியன், ரெனால்ட்ஸ் என்ற இருவர் 1971இல் 406 நோயாளிகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், ரேசரால் மழிக்கப்பட்டவர்களில் 5.6 சதவீதம் பேருக்கு ஆபரேஷன் புண்ணில் தொற்று வந்தது. முடியை எடுக்காமலே விட்டவர்களுக்கும், களிம்பு தடவி நீக்கியவர்களுக்கும் 0.6 சதவீதம்தான். மழித்த நர்ஸுக்கு இது எப்படித் தெரியும்? சீழ் கோக்கும் நாளில் அந்த நோயாளி வேறு வார்டில் இருப்பார், அல்லது வீட்டுக்கே போயிருப்பார். வரிசையாக எழுதிவைத்து எண்ணியவர்களுக்குத்தான் தெரிந்தது. முடியை எடுத்தே தீரவேண்டுமானால் கிளிப்பரால் மட்டும் எடுங்கள், மழிக்கவே மழிக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் அழுத்தமாகச் சொன்னது.

படுக்கைப் புண் இன்னும் வேதனையானது, ஏனென்றால் அங்கே தீங்கு அன்பின் வடிவில் வருகிறது. வாதம் வந்து படுத்த முதியவரின் இடுப்புக்குக் கீழே தோல் சிவந்திருக்கும். உடனே ஸ்பிரிட்டையோ பவுடரையோ போட்டு நன்றாகத் தேய்த்துவிடுவார்கள். காற்றடைத்த வளையத்தை அடியில் வைப்பார்கள். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே நசுங்கி, ரத்த ஓட்டம் குறைந்து, ஏற்கெனவே நைந்துபோன சதை அது. தேய்த்தால் இன்னும் நையும். வளையமோ தன் விளிம்பு முழுவதும் அழுத்தி, நடுவிலிருக்கும் சதைக்கு ரத்தம் போவதைக் குறைக்கும். டோரீன் நார்ட்டன் என்ற ஆங்கிலேயச் செவிலியர் சகாக்களோடு முதியோர் வார்டுகளில் ஆராய்ந்து 1962இல் வெளியிட்ட முடிவு எளிமையானது: தோலில் எதைத் தடவுகிறோம் என்பதல்ல, நோயாளியை எவ்வளவு அடிக்கடி புரட்டிப் படுக்கவைக்கிறோம் என்பதே புண்ணைத் தடுக்கிறது. அதைக் கண்டுபிடித்தவர் ஒரு நர்ஸ் என்பதைக் கவனியுங்கள்.

கட்டில் போதாமல் தரையிலும் நோயாளிகள் படுத்திருக்கும் வார்டில் ஆராய்ச்சி பேச நேரம் ஏது என்று கேட்பார்கள். நேரமில்லாத இடத்தில்தான் பயனில்லாத வேலையை முதலில் விடவேண்டும். மருந்து ஏற்ற ரத்தக்குழாயில் குத்திவைக்கும் சிறு குழாயான வென்ஃப்ளானை மூன்று நாளைக்கு ஒருமுறை கட்டாயம் மாற்றவேண்டும் என்ற வழக்கத்தை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 3,283 பேரிடம் சோதித்தார்கள். 2012இல் முடிவு வந்தது. நாள் கணக்குப் பார்த்து மாற்றியவர்களிலும், தேவைப்பட்டபோது மட்டும் மாற்றியவர்களிலும் ரத்தக்குழாய் அழற்சி ஒரே அளவு, 7 சதவீதம். கையைத் தினமும் கவனித்தால் போதும்; வீண் குத்தல் நோயாளிக்கு இல்லை, வீண் வேலை சிஸ்டருக்கும் இல்லை. ஒவ்வொரு நோயாளியும் ஒவ்வொரு விதம் என்பதும் உண்மைதான். யாரை எத்தனை மணிக்கு ஒருமுறை புரட்டுவது என்பதைக் கட்டிலருகே நிற்பவர்தான் தீர்மானிக்க முடியும். தேய்க்கலாமா என்பது அப்படிப்பட்ட கேள்வி அல்ல.

ஆள் பற்றாக்குறையைத் தட்டிக்கேட்கவும் ஆய்வே துணை. லிண்டா ஐக்கன் என்ற ஆய்வாளரும் சகாக்களும் ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014இல் எழுதினார்கள்: ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினால், ஆபரேஷன் முடிந்தவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது, பட்டம் பெற்ற செவிலியரின் பங்கு 10 சதவீதம் கூடிய இடத்தில் 7 சதவீதம் குறைந்திருந்தது. இப்படிப்பட்ட ஆய்வு காரணத்தை முழுக்க நிரூபிக்காது என்பது சரியே. அதற்காக நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட நோயாளிகளின் கணக்கை ஒதுக்கித் தள்ளவும் முடியாது. மருத்துவமனை நடத்துபவர்களே, டூட்டி நேரத்திலேயே வாரம் ஒரு மணி நேரம் செவிலியர் படிக்கவும் விவாதிக்கவும் ஒதுக்குங்கள். ட்ராலியில் இன்னும் ரேசர் இருந்தால், இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.