கோரைன்னா அரியர்!

அரியர் வெச்சிருக்கிற மக்கள் எல்லாம் ஒரு நிமிஷம் கை தூக்குங்க. அட, கூச்சப்படாதீங்க பாஸ்... நானும்தான் தூக்கியிருக்கேன். கணக்கு பேப்பர்! ஆனா, இந்த வாரம் அந்தச் சோகத்தைப் பேசப் போறதில்லை. அதோட ஒண்ணுவிட்ட அண்ணன் ஒருத்தன் எங்க தோட்டத்துல இருக்கான். பேரு கோரை. அவன்கிட்ட நான் பல்பு வாங்கின கதைதான் இது.

உசிலம்பட்டி ரோட்டுல இருந்து கொஞ்சம் உள்ளே போனா, எங்க நாற்பது சென்ட் மல்லித் தோட்டம். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கின அதே மதுரை மல்லி! விடியக் காலையில மொட்டாப் பறிச்சு, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு அனுப்பிடணும். அப்பதான் சாயங்காலம் யார் தலையிலயாவது விரிஞ்சு மணக்கும். மார்கழி, தை பனியில பூ குறைஞ்சா கிலோ விலை ஆயிரங்களைத் தாண்டும். வரத்து கூடினா சரசரன்னு இறங்கிடும். இந்த ஏத்த இறக்கத்துலதான் என் செமஸ்டர் ஃபீஸ் ஊஞ்சல் ஆடும்.

நவம்பர் கடைசியில கவாத்து. தரையிலேர்ந்து ஒன்றரை அடி சுமாருக்கு விட்டுட்டு, செடிக்கு மொட்டை போட்டுடுவோம். அப்பதான் புதுத் தளிர் வந்து, மார்ச்சுல இருந்து கொத்துக்கொத்தா மொட்டு வைக்கும். ஆனா, நிழல் போனதும் வெயில் நேரா மண்ணுல விழும். வடகிழக்குப் பருவமழை ஈரமும் இருக்கும். களைக்கு இதைவிட வேற என்ன வேணும்? அருகு, சாரணை, பார்த்தீனியம்னு ஒரு கூட்டமே கிளம்பும். கேங் லீடர், கோரை!

அம்மாவும் அப்பத்தாவும் குனிஞ்ச இடுப்பு நிமிராம களையெடுப்பாங்க. ஆள் விட்டா, கூலி கட்டுப்படியாகாது. 'மெக்கானிக்கல் படிக்கிற புள்ள வீட்டுல இருக்கும்போது இன்னுமா களைக்கொத்தி?'ன்னு போன வருஷம் நான் களத்துல குதிச்சேன். பவர் வீடரை வாடகைக்கு எடுத்து வரிசைக்கு நடுவுல ஓட்டினேன். ரெண்டே மணி நேரத்துல தோட்டம் பளிச்! சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

பத்தே நாள்தான். முன்னைவிட அடர்த்தியா, பச்சைப் பாய் விரிச்ச மாதிரி கோரை!

கௌரவப் பிரச்னை ஆச்சே... அடுத்து களைக்கொல்லியைக் கையில எடுத்தேன். பச்சையா எது இருந்தாலும் கருக்குற ரகம். "காத்தடிக்குதுப்பு, காலையில அடிக்கலாம்"னு அப்பத்தா சொன்னதைக் காதுலயே வாங்கலை. கோரை மஞ்சளாச்சு. கொஞ்ச நாள்ல, பக்கத்துல துளிர் விட்டிருந்த மல்லியும் மஞ்சளாச்சு. மொத்தம் 22 செடி காலி. கோரை மட்டும் ஜம்முனு மறுபடி முளைச்சுது!

அம்மா திட்டியிருந்தாகூடத் தாங்கியிருப்பேன். "படிச்ச புள்ள சொன்னா சரியாத்தேன் இருக்கும்னு நெனச்சேன்ப்பா"ன்னு மட்டும் சொல்லிட்டு, கருகின செடியைப் பிடுங்க ஆரம்பிச்சாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அப்பத்தாதான் மம்பட்டியால ஒரு கோரையைச் சுத்தி ஆழமா வெட்டி, மண்ணோட தூக்கிக் காட்டுச்சு. கீழே பாசிமணி கோத்த மாதிரி கிழங்கு கிழங்கா ஒரு சங்கிலி. "மேல இருக்கிறது தலைமுடிதேன்டா... உசுரு கீழ இருக்கு!"

வேளாண்மைக் கல்லூரியில படிக்கிற ஃப்ரெண்டுகிட்ட கேட்டேன். சங்கிலியில ஒரு கிழங்கு முளைச்சா, மத்த கிழங்குகளைத் தூங்க வெச்சிடுமாம். நான் என்ன பண்ணியிருக்கேன்? மெஷினை விட்டுச் சங்கிலியைத் துண்டு துண்டாக்கி, தூங்கினவனை எல்லாம் தட்டி எழுப்பி விட்டிருக்கேன்! தூங்குற கிழங்குக்கு மருந்தும் சரியாப் போய்ச் சேராதாம். உலகத்துலயே மோசமான களைன்னு விஞ்ஞானிகள் பட்டம் கொடுத்திருக்கிறது சும்மா இல்லை.

ஆனா, அவனுக்கும் வீக் பாயின்ட் இருக்கு மக்களே. வீட்டுல நாலு பூந்தொட்டி வெச்சிருக்கிறவங்களுக்கும் இது உதவும்.

* மண் பொலபொலன்னு இருக்கும்போது ஆழமா வெட்டி, கிழங்கோட எடுத்து வெயில்ல காயப் போடுங்க. ஈரம் வத்தினா கிழங்கு செத்துடும்.

* மிச்சம் மீதி முளைச்சா, நாலஞ்சு இலை விடுறதுக்குள்ள மறுபடி வெட்டுங்க. ஒவ்வொரு தடவை முளைக்கவும் கிழங்கு தன் சேமிப்பைத்தான் செலவழிக்கணும். இலை பெருசாக விட்டா, மறுபடி அக்கவுன்ட்டை நிரப்பிக்கும்!

* கோரைக்கு நிழல் ஆகாது. மல்லி நல்லாப் படர்ந்துட்டா பாதி வேலையை அதுவே பாத்துக்கும். செடித் தூர்ல மட்டும் கையாலயே எடுங்க, வேர் அறுபடக் கூடாது.

* பார்த்தீனியத்தைப் பூக்குறதுக்கு முன்னாடியே பிடுங்கணும். ஒரே செடி ஆயிரக்கணக்குல விதை போடும். தோல் அரிப்பு வரும்ங்கிறதால கையுறை கட்டாயம்! 1950-கள்ல புனேயில முதல்ல கண்ணுல பட்ட செடி... இன்னிக்கு எங்க காலேஜ் கிரவுண்டு வரைக்கும் வந்தாச்சு.

இந்த ஆடியில, தங்கச்சிமடத்துல இருந்து கன்னு வாங்கிட்டு வந்து அந்த 22 குழியிலயும் நட்டோம். நல்லாப் பூக்க ரெண்டு மூணு வருஷம் ஆகுமாம். நான் டிகிரியோட வெளிய வர்றப்போ அதுவும் முழுசாப் பூத்து நிக்கும். ஒரே பேட்ச்!

இப்போ ஞாயித்துக்கிழமை ஆனா நானும் களைக்கொத்தியோட ஆஜர். முதல் நாள் ஒரு வரிசை முடிக்கிறதுக்குள்ள இடுப்பு கழண்டுடுச்சு. அம்மா அதுக்குள்ள நாலு வரிசை தாண்டியிருந்தாங்க. ஒரு மல்லி வேர்கூட அறுபடலை. நாலு வருஷம் படிச்சாலும் இந்தக் கை எனக்கு வருமான்னு தெரியலை!

அப்புறம்... அந்தக் கணக்கு பேப்பர்? எக்ஸாமுக்கு முந்தின நாள் பவர் வீடர் ஓட்டுற பழக்கத்தை விட்டாச்சு. தினமும் நாலு கணக்கு, அவ்வளவுதான். ரிசல்ட் வந்ததும் சொல்றேன்.

கோரை ரிசல்ட் வந்தாச்சு. ஆடியில எடுத்தது எட்டுக் கூடை. போன ஞாயிறு, ஒரே ஒரு கூடை!