விஷவாயு யாரைத் தாக்குகிறது?

நமக்கு வாரந்தோறும் வருகின்ற கடிதங்களில் சாமி, சோதிடம், பேய், பில்லி சூனியம் பற்றியவை போக, சமீப காலமாக வேறொரு தினுசான கேள்விகளும் வந்து கொண்டிருக்கின்றன. வெள்ளிக் கொலுசு ஏன் கறுக்கிறது? சிலர் காலில் மாத்திரம் சீக்கிரம் கறுப்பது உடம்புச் சூட்டினாலா, கண்ணேறு பட்டதினாலா? முட்டையை அதிக நேரம் வேகவிட்டால் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சையாய் ஒரு வளையம் விழுகிறதே, அது விஷமா? பாழுங்கிணற்றில் இறங்கினவன் திரும்புவதில்லையே, முனி அடித்துவிட்டது என்கிறார்களே, அங்கே அடிப்பது எது?

இவைகளை அற்பக் கேள்விகள் என்று நாம் தள்ளுவதில்லை. பள்ளிக்கூடத்தில் ரசாயனம் படித்துப் பட்டமும் வாங்கி, வீட்டில் மனைவியின் கொலுசு கறுத்தால் எலுமிச்சம்பழம் சுற்றிப் போடுகிற படிப்பாளியைவிட, ஏன் கறுக்கிறது என்று கார்டு எழுதிக் கேட்கிற தோழர் எவ்வளவோ மேலானவர் என்பது நமது அபிப்பிராயம். அன்றியும், மேற்படி கேள்விகளில் முதல் இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். மூன்றாவதும் அதற்கு அடுத்த வீடுதான். அந்தப் பதில் தெரியாததினால் நம் நாட்டில் மனிதர்கள் சாகிறார்கள். தெரிந்தவர்களும் தெரிந்துகொண்டே சாகவிடுகிறார்கள். அதைப் பற்றியே இன்று எழுத நேர்ந்தது.

முதலில் கொலுசு. கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த வாயு ஒன்று உண்டு. அதற்கு ஹைட்ரஜன் சல்பைடு என்று பெயர். அழுகின முட்டை நாறுகிறதே, அந்த நாற்றம் இதனுடையதுதான். வெள்ளைக் கருவில் கந்தகம் இருக்கிறது. நெடுநேரம் வேகும்போது அதிலிருந்து இந்த வாயு சிறிது உண்டாகி, மஞ்சள் கருவில் இருக்கிற இரும்புச் சத்தோடு சேர்ந்து பச்சை வளையமாகிறது. அது விஷமல்ல, தாராளமாய்ச் சாப்பிடலாம். காற்றில் மிகச் சொற்பமாய்க் கலந்திருக்கிற இதே வாயுவும், வேர்வையில் உள்ள கந்தகச் சரக்குகளும் வெள்ளியின் மேல் பட்டால் வெள்ளியும் கந்தகமும் கூடிக் கருமை படிகிறது. ஒருவர் வேர்வை போல மற்றொருவர் வேர்வை இருப்பதில்லை. ஒருவர் வீட்டுச் சாக்கடை போல மற்றொருவர் வீட்டுச் சாக்கடையும் இருப்பதில்லை. ஆகவே ஒரு காலில் சீக்கிரமும் மற்றொரு காலில் தாமதித்தும் கறுக்கிறது. இதில் சூடும் இல்லை, கண்ணேறும் இல்லை. அலுமினியப் பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி, சமையல் சோடா ஒரு கரண்டி போட்டு, பாத்திரத்தைத் தொடும்படி கொலுசை முக்கி வைத்தால், வெள்ளியைப் பிடித்த கந்தகம் விட்டுப் போய்க் கொலுசு வெளுக்கும். எலுமிச்சம்பழத்தை ரசம் வைத்துக் கொள்ளலாம்.

இதே கறுப்பை முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால் இத்தாலி தேசத்தில் ஒரு வைத்தியர் கவனித்தார். மொடேனா நகரத்து பெர்னார்டினோ ராமாஸினி என்பவர் அவர். தம் வீட்டு மலக்குழியைச் சுத்தம் செய்ய வந்த ஆள் மூச்சு விடாமல் அவசர அவசரமாய் வேலை செய்வதைக் கண்டு, ஏன் இத்தனை அவசரம் என்று அவனைக் கேட்டார். நாலு மணி நேரத்துக்கு மேல் இதற்குள் இருந்தால் கண் போய்விடும் என்கிற பொருளில் அவன் பதில் சொன்னான். மேலே வந்தபோது அவன் கண்கள் சிவந்து மங்கியிருந்தன. அத்தொழிலாளர் மடியில் வைத்திருக்கும் செம்புக் காசும் வெள்ளிக் காசும் கறுத்துப் போவதையும் ராமாஸினி குறித்து வைத்தார். தொழில்களினால் வரும் வியாதிகளைப் பற்றி அவர் 1700-இல் வெளியிட்ட புத்தகத்துக்கு வித்து இந்த மலக்குழிதான். நோயாளியைப் பார்க்கும் வைத்தியர்கள் உன் தொழில் என்ன என்றும் கேட்க வேண்டும் என்று வைத்திய உலகத்துக்குச் சொன்னவர் அவரே. கீழே இறங்குகிறவனைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கலாம் என்று ஒரு படித்தவருக்குத் தோன்றியதனால் விளைந்த நன்மை இது. நம் ஊர்ப் படித்தவர்கள் அவனைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்ததுதான் வழக்கம்.

நிற்க, குழிக்குள் இந்த வாயு எப்படி வருகிறது என்று பார்ப்போம். மூடிய தொட்டியில் பிராணவாயு சீக்கிரம் தீர்ந்து போகிறது. பிறகு அங்கே வேலை செய்வது பிராணவாயு தேவைப்படாத கிருமிகள். அவற்றில் ஒரு வகை, கழிவு நீரில் உள்ள கந்தகச் சத்தைப் பிடித்து ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகிறது. வேறு வகைகள் மீதேன் என்னும் எரிவாயுவையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகின்றன. உண்டான வாயு முழுவதும் உடனே மேலே வந்துவிடுவதில்லை. கணிசமான பாகம் நீரிலும் சேற்றிலும் கரைந்தும் குமிழாய் அடைபட்டும் கிடக்கிறது. கோலி சோடாவைப் பார்த்திருக்கிறீர்கள். கோலியை அழுத்தாதவரையில் உள்ளே இருப்பது வெறும் தண்ணீர் போலத்தான் இருக்கிறது. குலுக்கிவிட்டு அழுத்தினால் என்ன ஆகிறது? தொட்டியிலும் அப்படியே. மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் ஆற விட்டோம், நாற்றம் குறைந்துவிட்டது, இறங்கு என்று சொல்லி ஆளை இறக்குகிறார்கள். அவன் மண்வெட்டியைச் சேற்றில் போட்டுக் கிளறுகிறான். அதுவரையில் அடங்கிக் கிடந்தது அத்தனையும் அவன் முகத்துக்கு நேராகக் கிளம்புகிறது.

நாற்றம் குறைந்துவிட்டது என்று சொன்னோமல்லவா, அந்த இடம்தான் மிக மோசமான இடம். இவ்வாயு காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாதபோதே மூக்கு கண்டுபிடித்துவிடும். ஆனால் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்கு ஏறினால், சில நிமிஷங்களில் மூக்கின் உணர்ச்சியே மரத்துப் போகும். அதாவது கொஞ்சமாய் இருக்கும்போது நாறும், கொல்லுகிற அளவுக்கு இருக்கும்போது நாறாது. 500-லிருந்து 1000 பங்கு வரை போனால் சில மூச்சுகளிலேயே ஆள் விழுவான். உடம்பின் அணுக்கள் பிராணவாயுவை உபயோகிக்க முடியாமல் இது தடுத்துவிடுகிறது. சயனைடு செய்கிற வேலையும் இதுவே. விழுகிறவன் கூப்பிடவும் மாட்டான்.

பாழுங்கிணற்று முனியின் சங்கதியும் ஏறக்குறைய இதுதான். காற்றைப் போல ஒன்றரை மடங்கு கனமுள்ள கரியமில வாயு அடியில் தேங்கிவிடும். அழுகின இலையும் தழையும் அங்கிருந்த பிராணவாயுவைத் தின்றுவிடும். நல்ல காற்றில் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயு உண்டு. அது 10 பங்குக்குக் கீழே போனால் மயக்கம், 6 பங்குக்குக் கீழே போனால் சில நிமிஷங்களில் சாவு. இதை அறிந்துதான் நம் கிராமத்துப் பெரியவர்கள் கயிற்றில் விளக்கைக் கட்டி முதலில் இறக்கிப் பார்த்தார்கள். முனிக்குப் பொங்கல் வைத்தவர்களைவிட விளக்கை இறக்கினவர்கள் புத்திசாலிகள் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அந்த விளக்கை மலத்தொட்டிக்குக் கொண்டு போகக்கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு ஆளைக் கொல்லும் அளவுக்கு இருந்தாலும் விளக்கு சுகமாய் எரிந்துகொண்டிருக்கும். மீதேனோ காற்றில் 5 முதல் 15 பங்கு வரை கலந்திருந்தால் அதே விளக்கினால் வெடிக்கும். முன்னோர்கள் சொன்னது என்பதற்காக ஒன்றைத் தள்ளவும் வேண்டாம், கொள்ளவும் வேண்டாம், எந்த இடத்துக்குச் சொன்னார்கள் என்று பாருங்கள்.

ஒருவன் விழுந்தவுடன் இரண்டாமவன் இறங்குகிறான், அவனைத் தூக்க மூன்றாமவன் இறங்குகிறான். தகப்பனும் மகனும், அண்ணனும் தம்பியும் ஒரே குழியில் செத்தார்கள் என்று பத்திரிகைகளில் படிக்கிறோமே, காரணம் இதுதான். அமெரிக்காவில் தொழிலாளர் உடல்நலத்துக்கான சர்க்கார் ஸ்தாபனம் 1986-இல் விடுத்த எச்சரிக்கையில், இம்மாதிரி அடைபட்ட இடங்களில் செத்தவர்களில் நூற்றுக்கு 60 பேருக்கு மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று கண்டிருக்கிறது. ஆகவே எவ்வளவு நெருங்கிய உறவானாலும் இறங்காதீர்கள். மூடிகளை எல்லாம் திறந்து விசிறியோ யந்திரமோ வைத்துக் காற்றை உள்ளே தள்ளுங்கள், தீயணைப்புப் படையைக் கூப்பிடுங்கள். ஈரத்துணியை மூக்கில் கட்டினால் போதும் என்பதும், சாராயம் குடித்தால் தாக்காது என்பதும் சுத்தப் புரட்டு.

இப்போது சென்னைக்கு வடக்கே மணலிக்கு வாருங்கள். அங்கே கச்சா எண்ணெயைச் சுத்தி செய்கிற பெரிய ஆலை இருக்கிறது. எண்ணெயில் கந்தகம் உண்டு. அப்படியே விட்டால் மோட்டார் புகையில் கலந்து ஊரைக் கெடுக்கும். ஆகவே ஹைட்ரஜனைச் செலுத்தி அந்தக் கந்தகத்தைப் பிரிக்கிறார்கள். பிரிந்து வருவது என்ன? நம் மலக்குழியில் இருக்கிற அதே ஹைட்ரஜன் சல்பைடு, டன் கணக்கில். அதில் மூன்றிலொரு பங்கை எரித்து, எரிந்ததை மீதியோடு சேர்த்தால் கந்தகம் தனியாகவும் தண்ணீர் தனியாகவும் பிரிகிறது. லண்டனில் இருந்த க்ளாஸ் என்ற ரசாயனர் 1883-இல் கண்ட முறையை வளர்த்து இன்று உலகம் முழுவதும் செய்கிறார்கள். மஞ்சள் மஞ்சளாய்க் கந்தகம் வந்து விழுகிறது, உரத்துக்கும் அமிலத்துக்கும் விலைக்குப் போகிறது.

இம்மாதிரி ஆலைகளில் இந்த வாயுவின் பக்கத்தில் போகிறவன் எப்படிப் போகிறான்? சட்டையில் ஒரு சிறு கருவியை மாட்டிக்கொண்டு போகிறான். பத்து லட்சத்தில் 10 பங்கு வந்தாலே அது கூவும். தொட்டிக்குள் இறங்க வேண்டுமானால் உள்ளே இருக்கிற காற்றை அளந்து, எழுத்து மூலமாய் உத்தரவு வாங்கி, தேவைப்பட்டால் முதுகில் காற்றுக் குப்பியைக் கட்டிக்கொண்டு, வெளியே ஒருவனைக் காவல் நிறுத்தி இறங்குகிறான். முகமூடி நன்றாய்ப் படிய வேண்டும் என்பதற்காகத் தாடியைக்கூட மழிக்கச் சொல்லுகிறார்கள். ஆலைகளில் விபத்தே இல்லை என்று நாம் சொல்லவில்லை. அங்கும் ஆட்கள் செத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே செத்தால் எந்த வால்வு கெட்டது, யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று விசாரணை நடக்கிறது. தெருவில் செத்தால் “விஷவாயு தாக்கி மரணம்” என்று நாலு வரி. வாயு என்ன ரௌடியா, வழியில் போகிறவனைத் தாக்குவதற்கு? அது இருந்த இடத்திலேயே இருந்தது. ஆளைத்தான் கூட்டி வந்து இறக்கினார்கள். இறக்கினவர் பெயர் அந்த நாலு வரியில் வருவதே இல்லை.

வாயு ஒன்று, அதன் குணம் ஒன்று, அதைப் பற்றிய அறிவும் ஒன்று. ஓரிடத்தில் கருவி, மற்றோரிடத்தில் கயிறும் சாராயமும். இந்த வித்தியாசம் ரசாயனத்தில் எந்த அத்தியாயத்தில் எழுதியிருக்கிறது என்று கேட்கிறோம். 2024-இல் வெளியான ஒன்றிய சர்க்கார் கணக்குப்படி, சாக்கடை, மலத்தொட்டி வேலை செய்கிறவர்களில் கணக்கெடுக்கப்பட்ட சுமார் 38,000 பேரில் நூற்றுக்கு 69 பேர் அளவில் பட்டியல் சாதியார். இந்த நாட்டில் ஜாதி எங்கே இருக்கிறது, அதெல்லாம் அந்தக் காலம் என்று சொல்லுகிற கனவான்கள், தொட்டியின் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தால் தெரியும். நான்கு வாயுக்களையும் ஒருங்கே அளக்கிற கருவி, ஒரு மோட்டார் சைக்கிள் விலைக்குள் அடங்குகிற சாமான். அது வாங்கப்படாததற்குக் காரணம் பணம் இல்லாமை அல்ல. சாகிறவன் யார் என்பதே காரணம்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் அதைவிடப் பலமான மற்றொரு சட்டம். பாதுகாப்பு இல்லாமல் மலத்தொட்டியிலோ சாக்கடையிலோ ஆளை இறக்கினால், முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நேராக இறக்கினாலும் சரி, கண்ட்ராக்டர் மூலம் இறக்கினாலும் சரி, குற்றமே. செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014 மார்ச்சு 27-இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கிற்று. குடும்பத்துக்குப் பணம் சேர வேண்டியதுதான், அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் 1993 முதல் செத்தவர்கள் என்று சர்க்காரே ஒப்புக்கொண்ட தொகை ஆயிரத்தைத் தாண்டுகிறதே, அந்தப் பட்டியலில் பகுத்தறிவு பேசும் நமது தமிழ்நாடு தலைமாட்டில் நிற்கிறதே, சிறைக்குப் போனவர்களை எண்ண எத்தனை விரல் வேண்டும்? சாக்கடைக் குழிகளில் மனிதனுக்குப் பதிலாக இறங்கி அள்ளுகிற யந்திரத்தை 2018-இல் திருவனந்தபுரத்தில் வேலைக்கு விட்டுக் காட்டினார்கள். முடியாத காரியம் என்கிற சாக்குக்கும் அத்தோடு இடம் போய்விட்டது.

சர்க்காரை மாத்திரம் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. தொட்டி நம் வீட்டுப் பின்கட்டில் இருக்கிறது. லாரி வந்து உறிஞ்சினாலும் அடிச்சேறு வருவதில்லை, அதற்காகத்தான் ஆளை இறக்குகிறோம் என்று வீட்டுக்காரர்கள் சொல்லுகிறார்கள். அடிச்சேறு ஏன் வருவதில்லை? பத்துப் பன்னிரண்டு ஆண்டு தொடாமல் விட்டு இறுக்கிவிட்டதினால். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு தடவை எடுத்தால் குழம்பாகவே இருக்கும், குழாயில் வந்துவிடும். இறுகிப் போயிருந்தால் மேலிருந்தே தண்ணீரை வேகமாய்ப் பீச்சியோ நீளக் கழியால் கலக்கியோ கரைத்து, மறுபடி உறிஞ்சச் செய்யலாம். லாரிக்கு இரண்டு நடை ஆகும், வாடகையும் அதிகமாகும். கலக்கும்போது வாயு கிளம்பும் என்பதால் பீடி சுருட்டு கூடாது, மூடிக்கு மேலே குனியக்கூடாது, பிள்ளைகளைப் பக்கத்தில் விடக்கூடாது. தொட்டியில் கொஞ்சம் பழைய சேறு மீதி இருந்தால் குற்றமில்லை, அடுத்த தடவைக்குக் கிருமிகள் அதிலிருந்தே பெருகிக் கொள்ளும். வழித்துத் துடைத்து வைக்க அது ஒன்றும் சமையல் பாத்திரம் அல்ல.