பத்து வெள்ளியில் ஒரு தோட்டம்



கொடை என்றதும் நம் நினைவுக்கு வருவது என்ன? கோயில் சுவரில் பதித்த சலவைக்கல். அதிலே உபயகாரர் பெயர், கொடுத்த தொகை, தேதி. கும்பாபிஷேக மலரிலே மாலை போட்ட படம். இதை நான் குறை சொல்லவில்லை. நம் கோயில்களும் மண்டபங்களும் அப்படிப்பட்ட கைகளால்தான் எழுந்தன. ஆனால் கொடுப்பதில் இன்னொரு வகையும் உண்டு. கையேந்தி வந்தவனுக்குக் காசு கொடுப்பது ஒரு கொடை. அவன் மறுபடியும் கையேந்த வேண்டாதபடி ஒரு வழி செய்து வைப்பது மற்றொரு கொடை. இந்த இரண்டாம் வகைக் கொடையைச் செய்த ஒருவரையும் அவர் குடும்பத்தையும் பற்றித்தான் இந்த இதழில் உங்களோடு பேசப்போகிறேன்.

துன் வீ. தி. சம்பந்தன் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பகுதிக்குத் தீபாவளித் துணி எடுக்கப் போனவர்கள் அந்தப் பெயர் கொண்ட சாலையில் நடந்தும் இருப்பீர்கள். அவர் பெயரில் தமிழ்ப்பள்ளிகளும் இருக்கின்றன. ஆனால் என் வகுப்பில் ஒரு மாணவன், "அவர் யார் சார்? பழைய நடிகரா?" என்று கேட்டான். பிள்ளை மீது தவறில்லை. வீட்டிலே பெரியவர்கள் பேசினால்தானே பிள்ளைகளுக்குத் தெரியும்? நம் தாத்தா பாட்டிமாரின் வியர்வைக் காசோடு சம்பந்தப்பட்ட கதை அல்லவா இது?

சுங்கை சிப்புட் மண்ணிலே

சம்பந்தனின் தந்தையார் மு. சு. வீராசாமி 1896-இல் தமிழகத்திலிருந்து மலாயாவுக்கு வந்தவர். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ரப்பர் பயிரிட்டு, உழைத்து முன்னேறி, தோட்ட உரிமையாளர் ஆனார். அந்தக் காலத்தில் பெரிய தோட்டம் என்றால் வெள்ளைக்காரக் கம்பெனியின் தோட்டம்தான். தமிழன் என்றால் பால்வெட்டுக்காரன். சற்று மேலே போனால் கங்காணி, கிராணி. தமிழர் ஒருவர் தோட்டத்துக்கே சொந்தக்காரராக இருந்தது எத்துணை அபூர்வம் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

1919-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16-ஆம் நாள் சம்பந்தன் பிறந்தார். திருஞானசம்பந்தன் என்பது பெற்றோர் வைத்த பெயர். கோலகங்சார் கிளிபர்ட் பள்ளியில் ஆங்கிலக் கல்வி பயின்றார். பிறகு சிதம்பரத்துக்குப் போய் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இந்திய விடுதலைப் போராட்டம் மாணவர்களின் உள்ளத்தைப் பிடித்து ஆட்டிய காலம் அது. காந்தியடிகளின் எளிமையும் தொண்டும் அந்த இளைஞருக்குள் ஊறின.

உலகப்போர் முடிந்தபின் அவர் வாழ்ந்து பணியாற்றிய சுங்கை சிப்புட் எப்படிப்பட்ட ஊர் தெரியுமா? 1948 ஜூன் 16-இல் அந்த வட்டாரத்தில்தான் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. ஊரடங்கு, முள்வேலி, சோறு கட்டிக்கொண்டு வேலைக்குப் போகவும் தடை. பகலில் ஒரு பயம், இரவில் ஒரு பயம் என்று நம் மக்கள் வாழ்ந்த நாட்கள் அவை.

அந்தச் சூழ்நிலையிலே அவர் எழுப்பியது என்ன? ஒரு பள்ளிக்கூடம். 1954-இல் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை உருவாயிற்று. நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் வந்து அதனைத் திறந்து வைத்தார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி என்றால் அன்று என்ன நிலைமை? தகரக் கொட்டகை. ஒரே ஆசிரியர். நாலு வகுப்பும் ஒரே கூரையின் கீழ். அப்படிப்பட்ட காலத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று ஒரு தரமான கல்விக்கூடம் வேண்டும் என்று நினைத்தாரே, ஆசிரியன் என்ற முறையில் அவரிடம் நான் முதலில் வணங்குவது அந்த எண்ணத்தைத்தான். அந்தக் கலாசாலை இன்றும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

1955-இல் மலாயா இந்தியர் காங்கிரசின் தலைவரானார். பதினெட்டு ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார். தொழில், சுகாதாரம், பொதுப்பணி, தபால், ஒருமைப்பாடு என்று பல துறைகளுக்கு அமைச்சராக இருந்தார். அரசியல் வரலாறு எழுத வேறு பேனா இருக்கிறது. நம் லயத்து வாசலுக்கு வந்த கதைக்கு வருவோம்.

துண்டான தோட்டங்கள்

ஐம்பதுகளில் நாடு சுதந்திரத்தை நோக்கி நடந்தபோது, பல வெள்ளைக்கார முதலாளிகள் தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியவர்கள் பலர் வியாபாரக் கூட்டுக்காரர்கள். அவர்கள் தோட்டத்தைத் தோட்டமாக வைத்துக்கொள்ளவில்லை. பத்து ஏக்கர், இருபது ஏக்கர் என்று துண்டு போட்டு விற்றார்கள். அதிலேதான் இலாபம்.

மரம் துண்டானால் விறகு. தோட்டம் துண்டானால் என்ன ஆகும்? சின்ன நிலக்காரனுக்கு நூறு ஆள் எதற்கு? நாலு பேர் போதும். வேலை போயிற்று. வேலை போனால் லயத்து வீடும் போயிற்று, ஏனென்றால் வீடு வேலையோடு ஒட்டியது. ஆயாக்கொட்டகை இல்லை, மருந்து கொடுக்க ஆள் இல்லை, பள்ளிக்கூடத்தை நடத்த யாரும் இல்லை. குலதெய்வம் போல் கும்பிட்ட மாரியம்மன் கோயிலும் யாரோ ஒருவரின் துண்டு நிலத்தில் அகப்பட்டுக்கொண்டது. மூன்று தலைமுறை அந்த மண்ணில் காடழித்து, மரம் நட்டு, பால் வெட்டியவர்கள் ஒரு தகரப் பெட்டியோடும் இரண்டு பாய்களோடும் சாலை ஓரத்தில் நின்றார்கள்.

இந்தக் கேடு எவ்வளவு பெரிதாயிற்று என்றால், பேராசிரியர் உங்கு அசிஸ் இதையே ஆராய்ந்து ஓர் அறிக்கை எழுதும் நிலை வந்தது.

மாதம் பத்து வெள்ளி

இப்போது சொல்லுங்கள், ஒரு தலைவர் இந்த நேரத்தில் என்ன செய்யலாம்? கண்டன அறிக்கை விடலாம். அரிசி மூட்டை கொடுக்கலாம். கையில் நிலமுள்ளவர் என்பதால் சில குடும்பங்களுக்கு நிழலும் கொடுக்கலாம். அதெல்லாம் நல்லதுதான். ஆனால் அரிசி தீர்ந்த மறுநாள்?

சம்பந்தன் வேறு கணக்குப் போட்டார். தோட்டம் விற்பனைக்கு வருகிறதா? பாட்டாளியே அதை வாங்கட்டும். தனித்தனியே அவனிடம் ஒன்றுமில்லை. ஆயிரம் பேர், பத்தாயிரம் பேர் சேர்ந்தால்? அப்படித்தான் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தொழிலாளி பத்துப் பத்து வெள்ளியாகத் தவணை கட்டிப் பங்கு வாங்கலாம். திரண்ட பணத்தைக் கொண்டு சங்கம் தோட்டத்தை முழுசாக வாங்கும். துண்டு போடாது. வேலையும் வீடும் பள்ளியும் கோயிலும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

பத்து வெள்ளி இன்று ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் போய்விடும். அன்று அது ஒரு பால்வெட்டுக்காரனுக்குச் சில நாள் கூலி. கடைக் கணக்கு, கூட்டுச் சீட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல், ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம் - இத்தனைக்கும் நடுவே பத்து வெள்ளியை எடுத்துக் கொடுப்பது சாமானியமா? கொடுத்தால் திரும்பி வருமா என்ற பயம் வேறு. அதற்கு முன்னும் எத்தனையோ பேர் வசூல் நோட்டோடு தோட்டத்துக்கு வந்து போயிருக்கிறார்களே!

ஆகவே சம்பந்தன் தோட்டம் தோட்டமாக நடந்தார். அமைச்சராக இருந்தவர், லயத்து வாசலிலும் கோயில் முன்னாலும் நின்று தமிழிலே விளக்கினார். 'உன் பணம், உன் சங்கம், உன் தோட்டம்' என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். மக்கள் நம்பினார்கள். 1961-இல் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. அதுதான் முதல் தோட்டம். நேற்றுவரை பிரட்டுக்களத்தில் துரைக்கு முன் கைகட்டி நின்றவன், இன்று அந்தத் தோட்டத்தில் பங்குக்காரன்! அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாய்ப் பல தோட்டங்கள் வந்தன.

கூட்டுறவில் இன்னொரு நியாயமும் உண்டு. பங்கு அதிகம் வைத்திருப்பவருக்கு ஓட்டு அதிகம் கிடையாது. ஆளுக்கு ஒரே ஓட்டு. கிராணிக்கும் ஒன்று, புல் வெட்டும் பாட்டிக்கும் ஒன்று.

என் பாட்டியும் அந்தப் பத்து வெள்ளிகளைக் கட்டியவர்களில் ஒருத்தி. ஒட்டுப்பால் காசைச் சேர்த்துக் கட்டினாளாம். கையெழுத்துப் போடத் தெரியாது, கட்டைவிரல் ரேகைதான். பங்குப் பத்திரத்தை மஞ்சள் துணியில் சுற்றி, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். "இது காகிதம் இல்லடா, மண்ணு" என்பாள். அவள் வாழ்நாளில் தன் பெயரில் வைத்திருந்த ஒரே சொத்து அதுதான்.

முடிந்ததும் முடியாததும்

புகழ்ச்சி மட்டுமே சொன்னால் அது பாடமாகாது. சங்கம் எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்றிவிடவில்லை. அதன் கைக்கு எட்டாமல் துண்டான நிலம் ஏராளம். பத்து வெள்ளியும் கட்ட முடியாத குடும்பங்கள் வெளியிலேயே நின்றன. பங்குக்காரனான பிறகும் விடியற்காலையில் எழுந்து மரத்துக்குப் போகும் வாழ்க்கை மாறவில்லையே என்று கேட்டவர்களும் உண்டு. அது நியாயமான கேள்விதான்.

1969-இல் இன்னொரு அடி விழுந்தது. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் கட்டாயம் என்று வந்தது. சிவப்பு அடையாள அட்டையோடு இருந்த நம்மவர் ஆயிரக்கணக்கில் கப்பலேறிவிட்டனர். பாரம் போடத் தெரியாமலும், போட அழைத்துப் போக ஆளில்லாமலும் எத்தனை பேர் இந்த மண்ணை இழந்தார்கள்! கூட்டுறவு நிலத்தைக் காத்தது. காகிதத்தை அவரவர்தான் காக்க வேண்டியிருந்தது.

வீட்டிலே

சம்பந்தனின் துணைவியார் தோ புவான் உமாசுந்தரி. கணவரின் பதவி நிழலில் ஒதுங்கி நிற்காமல், பெண்கள் அமைப்புகளிலும் சமூகப் பணியிலும் தாமும் இறங்கி உழைத்த அம்மையார் அவர். பொதுவாழ்வில் நிற்பவரின் வீட்டுக் கதவு அடைபடாது. வேலை கேட்டு, கடிதம் கேட்டு, பள்ளிக்கு உதவி கேட்டு மனிதர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். அந்தப் பாரத்தைப் பாதிக்குமேல் சுமப்பவள் வீட்டு அம்மாள்தான் என்பது நம் தோட்டத்துத் தலைவர்மாரின் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும்.

தந்தை சேர்த்த நிலத்தை மகன் பெருக்கவில்லை. பொதுப்பணியில் கரைத்துவிட்டார் என்றுதான் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அரசியலுக்கு வந்து சொத்துச் சேர்த்தவர்களை நாம் அறிவோம். சொத்தோடு வந்து அதைக் குறைத்துக்கொண்டு போனவர்களை விரல்விட்டு எண்ணலாம். 1979 மே 18-இல், அறுபது வயது நிறையும் முன்பே அவர் கண்மூடினார். கோலாலம்பூரில் சங்கத்தின் தலைமையகம் அவர் பெயரைத் தாங்கி விஸ்மா துன் சம்பந்தன் என்று நிற்கிறது. பாட்டாளியின் காசில் வளர்ந்த அச்சங்கம் மொழிக்கும் இலக்கியத்துக்கும் கைகொடுத்தது. சிறுகதைப் போட்டி, நாவல் போட்டி என்று நம் எழுத்தாளர்களுக்குக் கிடைத்த ஆதரவுக்குப் பின்னாலும் அந்தப் பத்து வெள்ளிகள் இருக்கின்றன.

வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வைத்தார்; அதற்கு முன்பே ஒப்புரவறிதல் என்று தனியாக ஓர் அதிகாரமும் வைத்தார். இல்லாதவனுக்குக் கொடுப்பது ஈகை. ஊரோடு சேர்ந்து, ஊருக்கே பயன்படும்படி வாழ்வது ஒப்புரவு. சம்பந்தன் செய்தது இரண்டாவது. அதிலே கொடுத்தவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர். தவணை கட்டிய ஒவ்வொரு பால்வெட்டுக்காரரும் கொடையாளிதான். சலவைக்கல்லில் அவர்கள் பெயர் இல்லை, அவ்வளவே.

வாசகர்களே, இறுதியாக மூன்று வேண்டுகோள்.

முதலாவது: உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். தாத்தா பாட்டியின் பங்குப் பத்திரமோ சங்கப் புத்தகமோ இருந்தால், அதைப் பழைய காகிதம் என்று வீசிவிடாதீர்கள். சங்கத்தில் கொடுத்து விசாரியுங்கள். உங்கள் பெயரில் பங்கு இருந்தால் வாரிசு பெயரைப் பதிந்து வையுங்கள். சம்பாதித்தது அவர்கள்; தொலைத்தவர்கள் நாம் என்ற பெயர் வரக்கூடாது.

இரண்டாவது: தோட்ட வீடு நம் வீடு அல்ல. இன்று ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வருகிறது. வேலை முடிந்த அன்று வீட்டுச் சாவியைக் கேட்பார்கள். சம்பளத்தில் ஒரு பங்கை, சிறிதானாலும் சரி, சொந்த வீட்டுக்கென்று இன்றே ஒதுக்குங்கள். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

மூன்றாவது: இன்று இரவு சாப்பிடும்போது பிள்ளைகளிடம் இந்தப் பத்து வெள்ளிக் கதையைச் சொல்லுங்கள். தொலைக்காட்சியைக் கொஞ்ச நேரம் அணைத்துவிட்டுச் சொல்லுங்கள். தங்கள் தாத்தா பாட்டி ஒரு தோட்டத்தையே விலைக்கு வாங்கியவர்கள் என்று தெரிந்த பிள்ளை தலைகுனிந்து நடக்காது.

அடுத்த இதழில் சந்திப்போம். வணக்கம்.