உண்ணல் கோளாறு சிகிச்சை: யார் எதற்குப் பொறுப்பு?

அனோரெக்சியா, புலிமியா போன்ற உண்ணல் கோளாறு உள்ளவரை மனநல மருத்துவர், பொது மருத்துவர், உளவியலாளர், டயட்டீஷியன் என நால்வர் பார்ப்பதை வரவேற்கிறோம். நால்வரும் தங்களுக்குள் பேசிக்கொள்ளாமல் பார்ப்பதைத்தான் எங்கள் அமைப்பு எதிர்க்கிறது.

எடை பார்க்கும் நாளில் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு வரும் பெண்ணை எடுத்துக்கொள்வோம். எடை கூடியிருக்கிறது என்று டயட்டீஷியன் எழுதுகிறார். உளவியலாளர் பாராட்டுகிறார். ரத்தத்தில் சோடியம் குறைந்திருப்பதோ பொது மருத்துவரின் கோப்பில் தூங்குகிறது.

சாப்பாட்டைக் கூட்டத் தொடங்கும் முதல் நாட்களில் ஆபத்து இன்னும் அதிகம். நெடுநாள் பட்டினி கிடந்த உடலில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் சட்டென்று இறங்கி, இதயத் துடிப்பு தடுமாறலாம். ஆகவே கலோரி அளவை டயட்டீஷியன் மட்டும் தனியாக முடிவுசெய்யக் கூடாது. ரத்தப் பரிசோதனையைப் பார்க்கும் மருத்துவரும் உடனிருக்க வேண்டும். உடல் நெருக்கடியில் ஒருவரை மருத்துவமனையில் சேர்ப்பதா என்பதில் குழுவுக்குள் கருத்து வேறுபட்டால், அந்த மருத்துவரின் சொல்லே நிற்க வேண்டும். எடையை மட்டும் வைத்து அவரும் முடிவெடுக்கக் கூடாது: வேகமாக இளைத்தவர் பார்வைக்குச் சாதாரணமாக இருக்கும்போதே நாடித்துடிப்பு அபாயகரமாகக் குறைந்திருக்கலாம்.

மருந்து மனநல மருத்துவரின் பொறுப்பு. அனோரெக்சியாவைக் குணப்படுத்தும் மாத்திரை இல்லை என்பதைக் குடும்பத்திடம் அவரே சொல்லிவிடுவது நல்லது. புலிமியாவுக்கு ஃப்ளுவாக்செட்டின் உதவலாம். உளவியல் சிகிச்சைக்கு அது மாற்றாகாது. மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவுபெற்றவரா என்று குடும்பத்தினர் தயங்காமல் கேட்கலாம்.

வளரிளம் பருவத்தினருக்கான அனோரெக்சியா சிகிச்சையில் பெற்றோரும் குழுவின் அங்கத்தினரே. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்பச் சிகிச்சை, சாப்பாட்டுப் பொறுப்பை முதலில் அவர்களிடமே ஒப்படைக்கிறது. "வளர்ப்பு சரியில்லை" என்ற பேச்சு குழுவில் எவர் வாயிலிருந்தும் வரக் கூடாது.

'ரகசியம் காக்க வேண்டுமே' என்பது பேசிக்கொள்ளாததற்கு வழக்கமாகச் சொல்லப்படும் சாக்கு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சைக்குத் தேவையான அளவு தகவலை மற்ற மருத்துவப் பணியாளர்களுடன் பகிர இடம் தருகிறது. பகிர்வதை நோயாளியிடம் முன்பே சொல்லிவிட்டால் நம்பிக்கையும் குலையாது.

நால்வரில் ஒருவரை ஒருங்கிணைப்பாளராக முதல் சந்திப்பிலேயே அறிவித்து, அவர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் குடும்பத்திடம் எழுதிக் கொடுக்க வேண்டும். பல் மருத்துவர்களுக்கும் அந்த எண் போய்ச் சேர வேண்டும்: அடிக்கடி வாந்தி எடுப்பதால் மேல்வரிசைப் பற்களின் உட்புறம் அரிக்கப்பட்டிருப்பது முதலில் அவர்கள் கண்ணில்தான் படக்கூடும்.