செயினைத் துடைக்கும் முன் சாவியை எடுங்கள்



இன்று மோட்டார் சைக்கிள் செயின் பற்றி எழுதுகிறேன். "டீச்சருக்கு எதுக்கு இந்த வேலை?" என்று சிலர் சிரிப்பீர்கள். திருமங்கலத்தைச் சுற்றியுள்ள கரிசல் கிராமத்துப் பள்ளிகளுக்கு இருபது வருடத்துக்கு மேல் டி.வி.எஸ். 50-இல் போய்வந்தவள் நான். மழை பெய்தால் அந்த மண் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். காய்ந்தால் செயினுக்குள் புகுந்து கறகறவென்று அரைக்கும். ஆகவே இதைப் பற்றிப் பேச எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு.

சொல்ல வந்தது இதுதான். எஞ்சினை ஓடவிட்டு, கியரைப் போட்டு, சுற்றுகிற செயினில் துணியை வைத்துத் துடைக்கிறீர்களே, அதை விட்டுவிடுங்கள். சில மெக்கானிக் கடைகளிலேயே அப்படிச் செய்கிறார்கள். செல்போன் வீடியோக்களில் வேறு, "ரெண்டே நிமிஷத்தில் செயின் பளபள" என்று காட்டுகிறார்கள். பளபளக்கத்தான் செய்யும். ஆனால் ஐடிலிங்கில் முதல் கியரில் ஓடினால்கூட செயின் வினாடிக்கு ஏறத்தாழ ஓர் அடி நகரும். துணியின் ஒரு நூல் பல்சக்கரத்தில் சிக்கினால், "ஐயோ" என்று கையை இழுப்பதற்குள் விரல் உள்ளே போயிருக்கும்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவர் இப்போது தையற்கடை வைத்திருக்கிறார். வலது கை ஆள்காட்டி விரலில் நுனி இல்லை. இப்படித் துடைத்தபோது போனதுதான். கத்தரிக்கோலை அவர் பிடிக்கிற விதமே மாறிவிட்டது. துணி வெட்டும் வேலையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, தான் மிஷினில் மட்டும் உட்காருகிறார். அவரைப் பார்த்த பிறகு இந்த விஷயத்தில் நான் யாருக்கும் தாட்சண்யம் பார்ப்பதில்லை. நடுத்தெருவில் யாராவது செய்துகொண்டிருந்தாலும் நின்று சத்தம் போட்டுவிட்டுத்தான் போவேன்.

சரி, எப்படித்தான் செய்வது? வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். நியூட்ரலில் வையுங்கள். சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள், அதுவும் பின்னோக்கி. ஏன் பின்னோக்கி? சக்கரம் முன்னோக்கிச் சுற்றும்போது கீழ்ப்பக்கச் செயின் பின்பல்சக்கரத்துக்குள் போகும். அங்கே இருக்கும் துணியையும் விரலையும் சேர்த்து இழுக்கும். பின்னோக்கிச் சுற்றினால் அதே இடத்தில் செயின் பல்லை விட்டு வெளியே வரும். ஆனால் அப்போது மேல்பக்கம் உள்ளே இழுக்கும், எனவே துணி கீழ்ப்பக்கத்திலேயே இருக்கட்டும். சக்கரம் சுற்றும்போது துடைக்க வேண்டாம். கொஞ்சம் சுற்று, நிறுத்து, துடை, மறுபடி சுற்று.

இப்போது வரும் பல வண்டிகளில் சென்டர் ஸ்டாண்டே இல்லை. எடை குறைகிறது, அழகாக இருக்கிறது என்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, போகட்டும். அந்த வண்டிக்காரர்கள் ஒரு முழம் தள்ளி, சைடு ஸ்டாண்டில் நிறுத்தி, தெரிகிற பகுதியைத் துடைத்து, மறுபடி ஒரு முழம் தள்ளினால் போதும். நாலைந்து தடவையில் முழுச் செயினும் வந்துவிடும்.

எண்ணெய் எங்கே போக வேண்டும் என்பதிலும் குழப்பம் இருக்கிறது. இந்த உருளைச் செயினை 1880-இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் காப்புரிமை பெற்றார். இன்று நம் கோயம்புத்தூரிலேயே ரோலான் செயின் செய்கிறார்கள். அமைப்பு அன்று போலத்தான்: ஊசி, ஊசியைச் சுற்றி ஒரு புஷ், அதன் மேல் ஓர் உருளை, இருபுறமும் தகடு. தேய்மானம் ஊசிக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் நடக்கிறது. "செயின் நீண்டுபோச்சு" என்பார்கள். தகடு ரப்பர் மாதிரி இழுபடவில்லை, உள்ளே ஊசி தேய்ந்திருக்கிறது. சின்ன வண்டிச் செயினில் கண்ணிக்குக் கண்ணி 12.7 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலம். நூறு கண்ணி என்று வையுங்கள். ஒவ்வொன்றிலும் 0.1 மில்லிமீட்டர் கூடினால் மொத்தம் எவ்வளவு? மனக்கணக்கு! 10 மில்லிமீட்டர். பல்சக்கரத்தின் பல் இடைவெளியோ மாறவில்லை. அப்புறம் பல் கொக்கி போல வளையாமல் என்ன செய்யும்?

ஆகவே வெளியே குடம் குடமாக ஊற்றிப் பயனில்லை. கடையில் வடித்த கறுப்பு எஞ்சின் ஆயிலை ஊற்றுவது சேவையே அல்ல. அதில் ஏற்கெனவே அழுக்கும் இரும்புத்தூளும் இருக்கின்றன. மேலே கிரீஸை அப்பினால் மேலூர் ரோட்டுக் கல்தூசி எல்லாம் அதில்தான் வந்து உட்காரும். 90 கியர் ஆயிலோ செயின் ஸ்பிரேயோ, கீழ்ப்பக்கச் செயினின் உள்பக்கத்தில், தகடுகளின் இடுக்கில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஓடும்போது அது தானாக வெளிப்பக்கம் பரவும். மாலையில் ஓட்டிவந்து செயின் இளஞ்சூடாக இருக்கும்போது போட்டு, மிச்சத்தைத் துடைத்துவிட்டு, இரவு முழுவதும் ஊற விடுங்கள். சுமார் 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை, மழையில் நனைந்தால் உடனே. ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம், அடுத்த ஆயுத பூஜை வரை ஒரு சொட்டு எண்ணெய் காட்டுவதில்லை!

அழுக்கை எடுக்கச் சீமெண்ணெய் போதும். பெட்ரோல் வேண்டாம். தீப்பிடிக்கும், அதோடு பெரிய வண்டிகள் பலவற்றில் செயினுக்குள் ரப்பர் வளையம் இருக்கிறது, அதையும் கெடுக்கும். அதே காரணத்தால் கம்பி பிரஷும் வேண்டாம், பழைய பல் பிரஷ் நல்லது.

தொய்வை அறவே எடுத்துவிடாதீர்கள். நடுவில் விரலால் தூக்கினால் 100, 125 சிசி வண்டிகளில் பொதுவாக 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட வேண்டும். உங்கள் வண்டிக்கான அளவு கையேட்டில் இருக்கும். விறைப்பாக இருந்தால் பேரிங் போகும்.

கடைசியாக ஒன்று. இணைப்புக் கண்ணியில் ஒரு சின்ன கிளிப் இருக்கும். மேல்பக்கச் செயினில் வைத்துப் பார்த்தால் அதன் மூடிய முனை முன்னோக்கி இருக்க வேண்டும். திறந்த வாய் முன்னோக்கி இருந்தால் ஏதாவது தட்டி கிளிப் கழன்றுவிடலாம், ஓடும் வண்டியில் செயின் விட்டுப்போகலாம். சர்வீஸ் முடிந்து வண்டியை எடுக்கும்போது குனிந்து பாருங்கள். மாறியிருந்தால் அங்கேயே நின்று திருப்பிப் போடச் சொல்லுங்கள்.