ஒருமையில் குற்றம், பன்மையில் கடன்

ஜெர்மன் மொழியில் பெயர்ச்சொல் ஒவ்வொன்றுக்கும் பால் உண்டு. அதனை மனனம் செய்வதே மாணாக்கனுக்கு முதல் தவம். 'ஷுல்ட்' என்பது பெண்பாற்சொல். 'டீ ஷுல்ட்' என்று முன்வரும் சுட்டோடு சேர்த்தே கற்றல் வேண்டும். குற்றம் என்பது பொருள். இதுவே 'ஷுல்டன்' எனப் பன்மையாகும்போது குற்றங்கள் என்று பொருள்படாது, பணக்கடன் ஆகிவிடும். ஒருமை பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு, பன்மை வங்கிக்கு என்று நினைவிற்கொள்ளலாம்.

நாமோ இதனை இலக்கண நூலில் கற்கவில்லை. பவேரியாவில் ஒரு சிற்றூர்ப் பங்கில் கோடைக்காலப் பணி செய்துகொண்டிருந்தோம். ஓர் இரவு, நோயிற்பூசுதல் அளிக்க அழைப்பு வந்தது. உணவை முடித்துவிட்டுச் செல்லலாம் என்றிருந்துவிட்டோம். சென்றபோது முதியவர் உயிர் நீத்திருந்தார். அவர் மனைவியின் முன் நின்று, "குற்றம் எம்முடையது" என்று சொல்ல எண்ணி, "இஷ் ஹாபே ஷுல்டன்" என்றோம். 'எனக்குக் கடன் இருக்கிறது' என்பதே அதன் பொருள். அருகிலிருந்த பேத்தி திகைத்து நோக்கினாள். அம்மையார் மட்டும் புரிந்துகொண்டு, "ஸீ ஸிண்ட் நிஷ்ட் ஷுல்ட்" என்றார். நீங்கள் காரணர் அல்லீர் என்பது அதன் கருத்து. அவர் இலக்கணம் பிழையற்றது. அவர் தீர்ப்பைத்தான் நம்மால் ஏற்க இயலவில்லை.

நாம் சொல்லியிருக்க வேண்டியது, "இஷ் பின் ஷுல்ட்". 'உடையேன்' என்னும் வினை அன்று, 'இருக்கிறேன்' என்னும் வினை. இவ்விடத்தில் மட்டும் அச்சொல் பெயர்த்தன்மை இழந்து, சிற்றெழுத்தில் தொடங்கும். பெயர்ச்சொற்களைப் பேரெழுத்தில் தொடங்கும் அம்மொழியில் இஃது ஒரு விந்தையே!

ஆண்டவர் கற்பித்த செபத்தில் மத்தேயு (6:12) கடன்கள் என்கிறார்; லூக்கா (11:4) பாவங்கள் என்கிறார். தமிழில் நாம் பாவம் என்று செபிக்கிறோம், சீர்திருத்தச் சபைச் சகோதரர் சிலர் கடன் என்று செபிக்கின்றனர். ஜெர்மானியருக்கு இரண்டுக்கும் ஷுல்ட் என்னும் ஒரே சொல் போதுமானதாயிற்று.

இச்சொல்லினின்று பிறந்ததே 'என்ட்ஷுல்டிகுங்'. 'என்ட்' என்னும் முன்னொட்டு அகற்றுதலைக் குறிக்கும். இரயில் நிலையத்தில் தோள் இடித்தவரும் வழி கேட்பவரும் நாளெல்லாம் இதனைச் சொல்வர். குற்றத்தை அகற்றுமாறு பிறரைக் கேட்கிறோம் என்று எவரும் நினைப்பதில்லை.

அன்றிரவு விடைபெறுகையில், வாயிலில் நின்ற அம்மையாரிடம் வழி விடுமாறு நாமும் அதனையே சொன்னோம். அவரோ விலகாமல் நம் கையைப் பற்றிக்கொண்டார்.